நாயோட ஆத்தங்கரைக்குப் போகலாமா? தூத்துக்குடியில் எங்கே நடக்கலாம், எங்கே கூடாது?

வளர்ப்பு நாயைத் தெருவுக்குள்ளேயே சுற்றிக்காட்டி அலுத்துப்போனவர்கள் அடுத்து யோசிப்பது ஊருக்கு வெளியே எங்காவது கூட்டிப்போகலாமா என்பதைத்தான். தூத்துக்குடி மாவட்டத்தில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணிக் கரை இருக்கிறது, செம்மண் தேரிக்காடு இருக்கிறது, பனைவிளைகள் இருக்கின்றன, நீளமான கடற்கரையும் இருக்கிறது. ஆனால் இதே மாவட்டத்தில்தான் வெளிமான் சரணாலயமும், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளும் உள்ளன. ஒரு இடத்தில் சாதாரண நடைப்பயிற்சியாக இருப்பது, சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் சட்ட மீறலாகிவிடும்.

எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது, என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஆற்றங்கரை: ஸ்ரீவைகுண்டம் முதல் ஆத்தூர் வரை

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, சுமார் 128 கி.மீ. ஓடி புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அதன் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் உள்ளது. அங்கிருந்து வடகால், தென்கால் என இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. இந்தக் கால்வாய்க் கரைகளிலும், ஏரல், ஆத்தூர் பக்கத்து வயல்வெளிப் பாதைகளிலும் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக நிழலும் ஈரமும் உண்டு. மாவட்டத்தின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால், நாயின் பாதத்துக்கு இதமான தரை இதுதான்.

கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, படித்துறை. மக்கள் குளிக்கிற, துணி துவைக்கிற இடம் அது. பல ஊர்களுக்குக் குடிநீரும் இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. நாயை அங்கே இறக்கிக் குளிப்பாட்டுவது வேண்டாம். கழிவை அள்ள ஒரு பை கையில் இருக்கட்டும்.

இரண்டு, குளங்கள். கடம்பாகுளம், பெருங்குளம் போன்ற பாசனக் குளங்களில் குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் திரளும். தரையில் இரை தேடும் பறவைகளை நாய் ஒருமுறை விரட்டினாலே கூட்டம் மொத்தமும் கிளம்பிவிடும். தொலைதூரம் பறந்து வந்த பறவைக்கு அது வீண் சக்திச் செலவு.

மூன்று, மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில், குறிப்பாக அணைகளில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்தால், கரைப் பக்கம் போகவே வேண்டாம். வெள்ளம் வடிந்த பிறகும் தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதர்களுக்கும் வரும். இதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு.

தேரிக்காடு: ஓரத்தோடு நிற்க வேண்டிய இடம்

திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் பரவிக்கிடக்கும் சிவப்பு மணல் மேடுகள்தான் தேரி. பனை, முந்திரி, குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம் என இதன் அழகே தனி. ஆனால் குதிரைமொழித் தேரி போன்ற பகுதிகளில் கணிசமான நிலம் காப்புக்காடு. அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், கற்குவேல் அய்யனார் கோயில் ஆகியவற்றுக்குப் போகும் பொதுச் சாலைகளும், கிராமத்து மண் பாதைகளும் வேறு விஷயம். அவற்றில் நடக்கலாம்.

தேரி மணல் வெயில் ஏற ஏறக் கொதிக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதனாலும் தாங்க முடியாது. காலை எட்டு மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. லாப்ரடார், ஹஸ்கி போன்ற அடர்முடி நாய்களுக்கு இன்னும் சீக்கிரம்.

உடைமுள், பனையின் கருக்குமட்டை இரண்டுமே பாதத்தைப் பதம் பார்ப்பவை. வறண்ட மணற்பகுதிகளில் சுருட்டை விரியன் பாம்பும் உண்டு. புதருக்குள் மூக்கை நுழைக்க விடாமல் கயிற்றைக் குட்டையாகப் பிடிப்பதே பாதுகாப்பு. வீடு திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, அக்குள் பகுதிகளில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

பதநீர் காலத்தில் அதிகாலையிலேயே பனையேறிகள் வேலையில் இருப்பார்கள். ஆட்டுக்கிடையும் இந்தப் பகுதிகளில் சகஜம். "நாயைப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று யாராவது குரல் கொடுத்தால், "எங்க நாய் ஒண்ணும் செய்யாது" என்பது பதில் இல்லை. நாய் கடிக்காவிட்டாலும், அது துரத்திய கலவரத்தில் சினை ஆடு கன்று போடலாம். அந்த நஷ்டம் ஒரு குடும்பத்தின் வருமானம்.

வல்லநாடு: ஏன் கூடவே கூடாது?

திருநெல்வேலி–தூத்துக்குடி சாலையை ஒட்டி, தனித்து நிற்கும் ஒரு குன்றும் அதைச் சுற்றிய புதர்க்காடும்தான் வல்லநாடு வெளிமான் சரணாலயம். 1987-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 16.41 சதுர கி.மீ. மட்டுமே. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தெற்குக் கோடி இடம் இது. இங்கே அழிந்தால், பக்கத்துக் காட்டிலிருந்து வந்து சேர வேறு கூட்டம் இல்லை.

வெளிமான் மணிக்கு 80 கி.மீ. வேகம் வரை ஓடக்கூடியது. அப்புறம் நாய்க்கு எப்படிச் சிக்கும்? குட்டி போட்ட தாய், சில நாட்களுக்குக் குட்டியைப் புல்லில் மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும். மோப்பம் பிடிக்கும் நாய்க்கு அது எளிதான இலக்கு. வளர்ந்த மானும் தப்பிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கடுமையாகத் துரத்தப்பட்ட மான், உடலில் ஒரு கீறல் இல்லாமலேயே, தசைகள் சிதைந்து பிறகு இறந்துபோகலாம்.

இது வல்லநாட்டுக்கு மட்டுமான கவலை இல்லை. 2018-ல் 'அனிமல் கன்சர்வேஷன்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் நாய்களால் தாக்கப்பட்டதாகப் பதிவான காட்டுயிர் இனங்கள் 80 என்றது. அதில் 31 இனங்கள் அழிவு அபாயத்தில் இருப்பவை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் போக அனுமதி வேண்டும். அதே சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் அல்ல. நாயை விட்டுத் துரத்துவதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். வெளிமான் அட்டவணை 1-ல் உள்ள விலங்கு. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

இந்த மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. கன்னி, சிப்பிப்பாறை ஆகிய இனங்கள் இந்தக் கரிசல் வட்டாரத்தின் பெருமை. 2020 ஆகஸ்ட் மாத 'மனதின் குரல்' உரையில் பிரதமரே இவற்றைக் குறிப்பிட்டார். இவை கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்க, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும், கூப்பிட்ட குரல் காதில் விழாது. 'சும்மா விளையாட்டுக்கு' முயல் விரட்டுவதும் குற்றம்தான். இந்த நாய்களை ஓடவிட ஆசைப்பட்டால், வேலி போட்ட சொந்தத் தோட்டம்தான் சரியான இடம்.

கடற்கரை எப்படி?

முத்துநகர் கடற்கரை போன்ற இடங்களில், கூட்டம் சேராத அதிகாலையில், கயிற்றோடு நடக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வான்தீவு, காசுவார், காரியச்சல்லி எல்லாம் அந்தப் பட்டியலில் வருபவை. நாயோடு என்ன, அனுமதியில்லாமல் ஆளே இறங்கக்கூடாது.

ஜனவரி முதல் சில மாதங்கள் தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். மணலுக்குள் இருக்கும் முட்டையை நாய் எளிதில் தோண்டி எடுத்துவிடும். அந்த மாதங்களில் ஆளரவமற்ற கரைகளில் இரவு, விடியற்காலை நடையைத் தவிர்க்கலாம். உப்பளங்களும் நடைபாதை அல்ல. அவை வேலையிடங்கள், பாத்திகளின் வரப்பு மிதிபட்டால் உடையும், உப்பு நீர் பாதத்துக் காயத்தில் எரியும்.

கிளம்பும் முன் சரிபார்க்க

* வெறிநாய்க்கடித் தடுப்பூசி: குட்டிக்கு மூன்று மாத வயதில் தொடங்கி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போட வேண்டும். சான்றின் படம் போனில் இருக்கட்டும்.
* தெருநாய்கள்: கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை இதில் சேராது. எனவே வழியில் தெருநாய்கள் எதிர்ப்படும். எதிரே வந்தால் ஓடாமல், நாயை அருகில் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்புங்கள்.
* பொறுப்பு: வளர்ப்பு விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் கவனிக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.
* கடி பட்டால்: காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாது.
* கையில்: தண்ணீர், அகன்ற கிண்ணம், உறுதியான பெல்ட், முள் எடுக்க ஒரு சிறு இடுக்கி.

முதல்முறை போகிறவர்கள், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கால்வாய்க் கரையில் அரை மணி நேரத்தில் தொடங்கலாம். தேரிப் பக்கம் போவதாக இருந்தால், எது காப்புக்காடு, எது ஊர்ப்பாதை என்று வனத்துறை அலுவலகத்திலோ ஊர்க்காரர்களிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.