எந்தச் செய்தி புதுசு?

"இண்டைக்கு இரவு ஸ்னோ அள்ளப் போறாங்கள், காரை எடுங்கோ." செயின்ட்-மிஷேலில் எங்கட தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி. ஓடிப்போய்க் காரை எடுத்தேன். பார்த்தால், அது முதல் நாள் செய்தி. யாரோ திரும்ப அனுப்பியிருக்கிறார்.

இந்த வாரம் பேசிய ஓ.எஸ்.பி.எஃப் ரவுட்டர்களுக்கும் இதே தலையிடிதான். அயல் ரவுட்டர்கள் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை 'ஹலோ' சொல்லும். 40 விநாடி சத்தமே இல்லையென்றால் இணைப்பு போய்விட்டது என்று அர்த்தம். உடனே அந்தச் செய்தி அயலுக்குப் போகும். அயல் அடுத்ததுக்குக் கடத்தும். ஒவ்வொரு ரவுட்டரும் தன் வரைபடத்தைத் திருத்தி, குறுகிய வழியைத் தானே கணக்கிடும்.

ஒரே செய்தி இரண்டு பக்கத்தால் வந்தால் எது புதுசு? அதுக்குத்தான் வரிசை எண்.

1980 அக்டோபர் 27 அன்று அர்பாநெட்டில் ரவுட்டர் வேலை பார்த்த ஒரு கணினியின் செய்தி, பிட் பிழையால் 44, 40, 8 என்று மூன்று எண்களோடு பரவியது. அந்த எண்கள் கடிகாரம்போல வட்டமாகச் சுற்றுபவை. அதனால் 40ஐவிட 44 புதுசு, 8ஐவிட 40 புதுசு, 44ஐவிட 8 புதுசு! மூன்றும் ஓயாமல் சுற்றி, வலையமைப்பே பல மணி நேரம் படுத்துவிட்டது.

ஓ.எஸ்.பி.எஃப்-இல் எண் வட்டமடிக்காது. 60 நிமிடம் புதுப்பிக்காத செய்தி குப்பைக்குப் போகும்.

எங்கட குழுவில் வரிசை எண் வேண்டாம். திகதியையாவது போடுங்கோ!