மலையடி ஊர்கள் – 9: தண்ணீர் வரும் வழியில் நெல்லை

திருநெல்வேலி நண்பர்களிடம் ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னால், விடியும் முன்பே காரில் ஏற்றி ஊரை விட்டு வெளியே கொண்டுபோய்விடுவார்கள். நெல்லையப்பர் கோயிலும் அல்வாக்கடையும் சாயங்காலத்துக்கு. காலைப்பொழுது மலைக்கு. "தண்ணி எங்கன இருந்து வருதுன்னு பாக்காம ஊர என்னத்தப் பாக்க, தம்பி?" என்றார் அண்ணாச்சி. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மதினியும், காரை ஓட்டி வந்த அவருடைய பழைய மாணவரும்தான் அன்றைக்கு எனக்குத் துணை. தை மாதக் கடைசி. சாலையின் இரண்டு பக்கமும் பிசான நெல் பழுக்கத் தொடங்கியிருந்தது.

மலையடியில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு உலகம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டுபோலும். ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது இன்ஸ்ப்ரூக் நகரம். தெருமுனையில் நின்று நிமிர்ந்தால் பனி மூடிய மலை. விருந்தாளி வந்தால் முதலில் அதன் மேலே கூட்டிப் போய், அங்கிருந்து ஊரைக் காட்டுவார்கள். நகரத்தின் நடுவிலிருந்தே இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறுவதற்கு ரோப் கார் இருக்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள நம் அகத்தியமலைக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருக்கவும் வேண்டாம். அதன் தமிழ்நாட்டுப் பக்கத்துக் காடுகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1988இல் அறிவிக்கப்பட்ட அது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அந்தக் காடு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பைய விடுவதால்தான் தாமிரபரணி கோடையிலும் ஓடுகிறது.

மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம் ஓடிப் பாபநாசம் சேர்ந்தபோது வெயில் இன்னும் படித்துறைக்கு இறங்கவில்லை. பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே ஆறு பாறைகளின் மேல் உருண்டு வருகிறது. படியில் கால் வைத்ததும் மீன்கள் மொய்த்தன. இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை, பொரி வாங்கிப் போடுகிறார்கள். தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. மூழ்கி எழுந்தபின் பேச்சே வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

கோயிலுக்கு மேலே அகஸ்தியர் அருவி, அதற்கும் மேலே கல்யாண தீர்த்தம். 1925 ஜூனில் வ.வே.சு. ஐயர் அங்கேதான் இறந்தார். தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் அவரும் போனார். ஆற்றோடு கீழே வந்தால் சேரன்மகாதேவி. அவர் நடத்திய குருகுலம் அங்கே இருந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் அந்தக் குருகுலத்தில்தான் வெடித்தது. பெரியார் காங்கிரஸை விட்டு விலகிய கதையை அதைத் தவிர்த்துவிட்டுச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றைப் படிக்கிறவர்கள் இந்தச் சாலையில் ஒருமுறை வர வேண்டும்.

நெல்லையில் மழைக்காலத்தில் இரண்டு பேர் சந்தித்தால் "டேம் எத்தன அடி?" என்றுதான் விசாரிப்பார்கள். பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த மூன்று எண்களும் தெரியாத நெல்லைக்காரரை நான் பார்த்ததில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இந்த ஆற்றுக்கு உண்டு. முதல் மழைக்குக் கார் சாகுபடி, இரண்டாவதற்குப் பிசானம். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் வரைக்கும் ஆறு தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதே இல்லை. வழியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று அண்ணாச்சி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே நம்மவர்கள் கட்டியவை. கோயில் கோபுரத்தைக் கட்டிய மன்னர்களைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இந்த ஏழு அணைக்கட்டுகளுக்கும் அதே அளவு இடம் கொடுக்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியில் காலைச் சாப்பாடு. மதினி அப்பளக்கட்டு வாங்கப் போன நேரத்தில், இந்த ஊர் நடராஜரின் பயணத்தை அண்ணாச்சி சொன்னார். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் களவுபோன ஐம்பொன் சிலை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகம் வரைக்கும் போய்விட்டது. 2019இல் திரும்பி வந்தபோது ஊரே திரண்டு நின்று வரவேற்றது.

வீரவநல்லூர் தாண்டி வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பாமல் பெரும்பாலான வண்டிகள் நெல்லைக்கு விரைந்துவிடுகின்றன. நாங்கள் ஆற்றுப் பக்கமாகத் திரும்பினோம். நாள் முழுவதிலும் என் மனம் தங்கிவிட்ட இடம் அதுதான்: திருப்புடைமருதூர்.

கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற இடத்தில் மருத மரங்களுக்கு நடுவே நாறும்பூநாதர் கோயில். கருவூர்ச் சித்தர் கூப்பிட்ட குரலைக் கேட்கச் சாய்ந்த லிங்கம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது என்பது ஊர்க்கதை. ராஜகோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகள். அனுமதி பெற்றுத்தான் ஏற முடியும். குறுகிய படியில் தலையைக் குனிந்து ஒவ்வொரு நிலையாக ஏறினால், சுவரெல்லாம் ஓவியம், தூணெல்லாம் மரச்சிற்பம். நாயன்மார் கதைகள், ராமாயணம், திருவிளையாடல். யானைப்படையும் குதிரைப்படையும் மோதுகிற போர்க்களம் ஒன்று. விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூருக்கும் இந்த ஆற்றங்கரையில் 16ஆம் நூற்றாண்டில் நடந்த போர் அது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குதிரைகளை ஏற்றி வரும் அராபியக் கப்பல் ஒன்றும் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் இன்னும் மங்கவில்லை. அஜந்தாவுக்கு வரிசையில் நிற்கிற தமிழர்கள் இந்தக் கோபுரத்தைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கோபுரத்தை விட்டு வெளியே வந்தால் மரங்களின் உச்சியில் சங்குவளை நாரைகள், கொக்குகள், நீர்க்காகங்கள். வீட்டுக் கொல்லையிலும் தெருவிலும் எச்சம் விழுகிறது; மீன் வாடை அடிக்கிறது. ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டால் எடுத்துப் பார்க்கிறார்கள். சத்தமான வெடி இங்கே வெடிப்பதில்லை என்று திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் சொன்னார். "அதுக நம்ம ஊருக்குப் பேறுகாலத்துக்கு வருது. வந்த பிள்ளைய வெரட்டவா செய்வோம்?" மக்களே காத்த இந்த இடத்தை 2005இல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்த வகையில் நாட்டிலேயே அதுதான் முதல் அறிவிப்பு. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை.

பத்தமடைக்கு வந்தபோது உச்சி வெயில். சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். ஆனால் உலகத்துக்கு இந்த ஊரைச் சொன்னது பாய். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, நுனி முதல் அடி வரை கீறி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, தலைமுடி அளவுக்கு மெல்லியதாக வகிர்ந்து, பருத்தி நூலில் நெய்கிறார்கள். பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்களின் கைவேலை. ஒரு நல்ல பட்டுப்பாய் முடிய மாதக்கணக்கு ஆகும். துணியைப் போல மடித்து வைக்கலாம். பொண்ணு மாப்பிள்ளை பெயரும் கல்யாணத் தேதியும் பாயிலேயே நெய்து தருவது இங்கத்திய சிறப்பு. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது. புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நாங்கள் போன வீட்டில் தறிக்கு முன் உட்கார்ந்திருந்த அம்மா, "எம் மகளுக்கு இந்த வேல வேண்டாம், அது படிக்கட்டும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். பாய்க்குக் கொடுக்கிற விலை அந்த உழைப்புக்குப் போதாதவரை நாம் பாரம்பரியம் என்று பேசுவதில் பொருள் இல்லை. எந்திரத்தில் நெய்த மலிவுப் பாயோடு இதை வைத்து விலை பேசாதீர்கள்.

மதியம் அண்ணாச்சி வீட்டில் சொதி. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வெந்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்த குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். நெல்லைக் கல்யாணங்களில் மறுவீட்டு விருந்துக்கு இதுதான். "இன்னுங் கொஞ்சம் ஊத்துதேன், சும்மா இருங்க" என்று மதினி ஊற்றியதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

வெயில் தாழ்ந்தபின் ஆற்றோரமாகவே நகரத்துக்குள் வந்தோம். பாளையங்கோட்டைப் பக்கமிருக்கும் கொக்கிரகுளத்தையும் எதிர்க்கரைத் திருநெல்வேலியையும் இணைக்கிற பாலத்துக்குச் சுலோச்சன முதலியார் பாலம் என்று பெயர். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர் அவர். அதுவரை ஆற்றைக் கடக்கப் படகுதான். அரசாங்கத்திடம் பணம் இல்லை என்றதும் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டவைத்தார். 1843இல் திறந்தார்கள். அந்தக் கல்வளைவுகளின் மேல்தான் இன்றைக்கும் பஸ் ஓடுகிறது.

பாலத்தின் நடுவில் அண்ணாச்சி காரை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திவிட்டார். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி வந்த ஊர்வலத்தின் மேல் தடியடி நடந்தது. ஆற்றுக்குள் ஓடிய மக்களில் 17 பேர் பிணமாக மீட்கப்பட்டார்கள். அதில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. காலையில் நாங்கள் பார்த்த அதே மலையில்தான் மாஞ்சோலை இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தோட்டம் அது. குத்தகை முடிய இன்னும் காலம் இருக்கும்போதே, 2024இல் வேலையை நிறுத்தித் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாலு தலைமுறை அங்கே உழைத்தவர்களுக்கு மனையும் பிழைப்பும் கொடுத்துவிட்டுத்தான் அது நடந்திருக்க வேண்டும்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் மோதுகிற முகப்பைப் படகின் முனை போலக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் உற்சவரையும் சாமான்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்தபின் கழுவி, மறுபடி பூஜை. 2023 டிசம்பர் பெருவெள்ளத்திலும் அந்தக் கோயில் அப்படியே நின்றது. ஆற்றோடு சண்டை போடாமல் அதற்கு வழிவிட்டு வாழ்ந்த கட்டடக்கலை இது. குளத்தின் மேல் வீட்டுமனை போட்ட நம் காலத்து ஆட்கள் வந்து பார்க்க வேண்டும்.

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களையும் தாமிர சபையையும் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. கீழரத வீதி இருட்டுக்கடையில் அல்வாவுக்கு நிற்கிற வரிசையைப் பற்றியும் அப்படியே. அல்வாவின் ருசிக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். நான் அதை நம்புகிறேன்.

ஆனால் அந்தத் தண்ணீர் காலையில் பாபநாசத்தில் இருந்தது மாதிரி நகரத்தில் இல்லை. ஊரின் சாக்கடை பல இடங்களில் நேராக ஆற்றில் விழுகிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது. இந்த ஆறு நெல்லைக்கு மட்டும் குடிநீர் தரவில்லை; தூத்துக்குடிக்கும் விருதுநகர்ப் பக்கத்துக்கும் இதே தண்ணீர்தான். அதிகாரிகள் செய்ய வேண்டியதை அவர்களிடம் தொடர்ந்து கேட்போம். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாவம் போக வேண்டும் என்று பாபநாசத்தில் முழுகுகிறவர்கள், உடுத்தியிருந்த துணியை அங்கேயே ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. மீனின் செவுளிலும் கோரையின் வேரிலும் அது சிக்குகிறது. அங்கே குளிக்கப் போகிற வாசகர்கள் ஈரத்துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கே எடுத்து வாருங்கள். கூட வருகிறவர்களிடமும் சொல்லுங்கள்.

(தொடரும்)