பச்சோந்தியும் ஓந்தியும்: பெயர் வழக்கும் உடலமைப்பும்

நிறம் மாறும் பல்லியினம் எதுவாயினும் அதனைப் பச்சோந்தி எனக் குறிப்பது இன்றைய எழுத்து வழக்கில் பரவலாகக் காணப்படுகிறது. பச்சை, ஓந்தி என்னும் இரு சொற்களாலான இப்பெயர் விலங்கின் பசுமையைச் சுட்டுகிறதேயன்றி நிறமாற்றத்தைச் சுட்டவில்லை. நிறமாற்றம் பச்சோந்திக்கு மட்டும் உரியதுமன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தோளும் செந்நிறம் பெறுகின்றன. அதன் அறிவியல் பெயரிலேயே 'பல நிறம் கொள்வது' என்னும் பொருள் அமைந்துள்ளது. எனவே பழந்தமிழ் நூல்களில் வரும் ஓதி, ஓந்தி ஆகியவற்றுக்குப் பொருள் காண நிறத்தைக் காட்டிலும் உடலமைப்பே தக்க சான்றாகும்.

உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவுக்கு உரியவை. இந்தியாவில் வாழ்வது கமேலியோ சைலானிகஸ் என்னும் ஓரினமே. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இது காணப்படுகிறது. இதன் ஐந்து விரல்களும் இரண்டும் மூன்றுமாக இணைந்து இடுக்கிபோல் கிளையைப் பற்றுகின்றன. முன்காலில் உட்புறம் மூன்றும் வெளிப்புறம் இரண்டும் அமைய, பின்காலில் இது தலைகீழாக அமைகிறது. கண்கள் ஒன்றையொன்று சாராது சுழல்கின்றன. வால் சுருண்டு கிளையைப் பிடிக்கிறது. நாக்கு உடலின் நீளத்தையும் விஞ்சி நீள்கிறது. தசையின் விசை மட்டும் இவ்வேகத்திற்குப் போதாது. நாவடி எலும்பைச் சூழ்ந்த மீள்திசு உறைகளில் முன்னரே சேர்ந்த ஆற்றல் ஒருசேர வெளிப்படுவதால் நாக்கு வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் பாய்கிறது.

ஓணானுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அதன் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்தவை. வால் நீண்டு மெலிந்தது, சுருளாதது.

நிறமாற்றத்தைப் பின்னணியோடு ஒன்றிக் கரந்துறையும் உத்தி எனக் கொள்வதும் முழுமையானதன்று. கொள்கை மாறுவோரைப் பச்சோந்தி எனப் பழிக்கும் உவமை இக்கருத்தின்மேல் எழுந்ததே. வெப்பம், ஒளி, சினம், இணைவிழைவு ஆகியவையே பெரிதும் நிறத்தை மாற்றுகின்றன. மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக அறிஞர்கள் இதன் இயக்கத்தை 2015இல் விளக்கினர். தோலின் உயிரணுக்களில் குவானின் நுண்படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அமைதி நிலையில் அவை நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்புகின்றன. அதனோடு மஞ்சள் நிறமி சேரப் பச்சை தோன்றுகிறது. கிளர்ச்சியுறும்போது படிக இடைவெளி விரிந்து மஞ்சளும் சிவப்பும் மேலோங்குகின்றன.

இவ்வேறுபாடுகளோடு அள்ளூர் நன்முல்லையாரின் குறுந்தொகை 140ஆம் பாடலை நோக்கலாம். பாலைவழியில் செல்வோர் நிமித்தமாகக் கொள்ளும் ஓதியின் முதுகு, பற்களையுடைய வேதினத்திற்கு ஒப்பிடப்படுகிறது. பச்சோந்தியின் முதுகிலும் சிறு பல்வரிசை உண்டாதலால் இவ்வொப்புமை மட்டும் முடிவு தராது. ஆயினும் புலவர் ஆணைக் குறிக்கும் 'போத்து' என்னும் சொல்லை ஆள்கிறார். பிடரி முதல் எழுந்து நிற்கும் முதுகுமுள் ஆண் ஓணானிடத்தே மிகுந்து தோன்றுவது. மேலும் நிமித்தம் கொள்ள அவ்வுயிர் வழிப்போக்கர் கண்ணில் படவேண்டும். தழைக்குள் மெல்ல ஊரும் பச்சோந்தியைவிட, வெயிலில் வெளிப்பட அமர்ந்து தலையசைக்கும் ஓணானுக்கே அது பொருந்தும். நிறமாற்றமோ சுழலும் கண்ணோ இப்பாடலில் இடம்பெறவில்லை. ஆதலின் இவ்விடத்து ஓதியை ஓணான் எனக் கொள்வதே ஏற்புடையது. பச்சோந்தி எனப் பெயர்ப்பது பாடலில் இல்லாத விலங்கை உள்ளே கொணர்வதாகும்.