ரேடியேட்டர் குமிழ், ஃபேன் ரெகுலேட்டர் அல்ல!

மகளின் பிரசவத்துக்காக லண்டனுக்குப் பறக்கும் அம்மாக்கள், அங்கேயே குடும்பம் நடத்தும் மகள்கள்... இருவருக்கும் ஒரு குளிர்காலப் பாடம்!

"அம்மா, குழந்தை ரூம் மட்டும் ஏம்மா இப்படி சில்லுன்னு இருக்கு?"

பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று ராத்திரி, என் மகள் கேட்ட கேள்வி இது. கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில், கீழும் மாடியுமாக ஒரு சின்ன வாடகை வீடு. நவம்பர் கடைசி. கீழே ஹாலில் நல்ல கதகதப்பு. குழந்தைக்கென்று ஆசை ஆசையாகத் தயார் செய்து வைத்திருந்த மாடி அறையிலோ, ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது! சுவரோரம் இருந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்!

பிரசவ லேகியம், பத்தியப் பொடி, வசம்பு என்று சகலமும் மூட்டை கட்டிக்கொண்டு போன எனக்கு, இந்த ரேடியேட்டரைப் பற்றி மட்டும் ஒன்றுமே தெரியாது. அதன் அடியில், ஓரமாக ஒரு வெள்ளைக் குமிழ். அதில் 0-விலிருந்து 5 வரை எண்கள். 'அட, நம்ம ஊர் ஃபேன் ரெகுலேட்டர்!' என்று 5-க்குத் திருப்பிவிட்டேன்.

"கொஞ்ச நேரத்துல சூடாயிடும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. ஒரு மணி நேரம்... இரண்டு மணி நேரம்... ம்ஹூம்!

அப்புறம் நான் செய்ததெல்லாம் தப்புக்கு மேல் தப்பு. மின்சார ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். குழந்தைக்குக் கம்பளிக் குல்லா, காலுறை, இரண்டு போர்வை! மூன்றாம் நாள், வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்த்துப் போகும் மிட்வைஃப் வந்தார். குழந்தையின் பிடரியில் கை வைத்தவர், சட்டென்று குல்லாவைக் கழற்றினார். உள்ளே ஒரே வியர்வை. அறையில் இருந்த தெர்மாமீட்டர் 26 டிகிரி காட்டியது.

"கைக்குழந்தை தூங்கும் அறை 16-லிருந்து 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் போதும். அதிகச் சூடு ஆபத்து" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். தூக்கத்திலேயே பச்சைக் குழந்தைகள் திடீரென்று இறந்துபோவதற்கான அபாயங்களில் அளவுக்கு மீறிய உஷ்ணமும் ஒன்றாம். எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கிவிட்டது. குளிருக்குப் பயந்து, பேத்திக்கு வேறொரு ஆபத்தை அல்லவா தேடி வைத்திருந்தேன்!

இத்தனைக்கும் காரணம், ஒரு தீக்குச்சி கனம்கூட இல்லாத ஓர் ஊசி. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

மெழுகு செய்யும் வேலை

வீட்டுச் சொந்தக்காரருக்குத் தகவல் சொன்னதும், மறுநாள் ஒரு ஹீட்டிங் என்ஜினீயரை அனுப்பினார். யாழ்ப்பாணத்துத் தம்பி! குமிழைப் பார்த்ததுமே, "கோடைகாலம் முழுக்க இதைப் பூட்டியே வச்சிருந்தனீங்களோ?" என்று கேட்டார்.

"ஆமா. ரூம் சும்மாதானே கிடந்துச்சுன்னு 0-ல வச்சிருந்தோம்" என்றாள் மகள்.

"அதுதான் விஷயம். பயப்படாதேங்கோ, சின்ன வேலைதான்" என்றவர், எனக்கும் புரிகிற மாதிரி விளக்கினார்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் கேஸில் எரியும் ஒரு பாய்லர் இருக்கும். அது தண்ணீரைச் சுடவைக்கும். ஒரு பம்ப் அந்த வெந்நீரைக் குழாய் வழியாக ஒவ்வோர் அறை ரேடியேட்டருக்கும் அனுப்பும். எந்த அறைக்கு எவ்வளவு வெந்நீர் என்று முடிவு செய்கிற வாசல் காவலாளிதான் இந்தக் குமிழ். பெயர் தெர்மோஸ்டாட் வால்வு. 1940-களில் டென்மார்க்கில் மட்ஸ் கிளௌசன் என்பவர் உருவாக்கிய சாதனம் இது.

குமிழுக்குள் மெழுகோ ஒரு திரவமோ அடைத்த சின்னக் குப்பி இருக்கிறது. அறை சூடானால் அது விரியும். விரிந்து, கீழேயுள்ள ஊசியை அமுக்கும். ஊசி இறங்கினால் வெந்நீர் வரும் வழி அடைபடும். அறை குளிர்ந்தால் குப்பி சுருங்கும், ஊசிக்கு அடியில் உள்ள ஸ்பிரிங் அதை மேலே தள்ளும், வழி திறக்கும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம்!

ஆகவே, குமிழில் உள்ள எண் வேகம் அல்ல. அறை எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்ற வரம்பு. பெரும்பாலான குமிழ்களில் 2 என்றால் சுமார் 16 டிகிரி, 3 என்றால் சுமார் 20 டிகிரி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 5-ல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. 20 டிகிரியில் நிற்க வேண்டியது, 25-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். பனிப்பூ போல ஒரு குறி இருக்குமே, அது குழாய்த் தண்ணீர் உறைந்துவிடாமல் காப்பதற்கு மட்டும். குழந்தை இருக்கும் அறைக்கு அது ஆகாது.

ஊசி ஒட்டிக்கொண்டால்...

மாதக்கணக்கில் 0-விலேயே கிடந்தால், அமுங்கிய ஊசி அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு 5-க்குத் திருப்பினாலும் எழுந்து வராது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

தம்பி செய்ததைப் பக்கத்தில் நின்று கவனித்தேன். முதலில் குமிழை 5-க்குத் திருப்பினார். அடியில் உள்ள வளையத்தைக் கையாலேயே இடப்பக்கமாகச் சுற்றினார். குமிழ் தனியாக வந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை! நடுவில் சின்னஞ்சிறு ஊசி, அமுங்கிக் கிடந்தது. வால்வின் பக்கவாட்டில் மரக்கட்டைப் பிடியால் லேசாக நாலு தட்டு. ஒரு துளி சிலிக்கான் எண்ணெய். பிறகு ஊசியை மெல்ல அமுக்கி அமுக்கி அசைத்தார். 'டக்'கென்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே வந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்!

"இஞ்ச பாருங்கோ அம்மா, இப்ப குழாய் சுடுகுது" என்றார். பத்து நிமிஷத்தில் ரேடியேட்டரே சூடானது. குமிழை மறுபடி மாட்டி, 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கே தப்பு? தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்!

ஓடிக்கொண்டிருக்கும் ரேடியேட்டர் கையைச் சுட்டுவிடும். சட்டென்று தொட்டு எடுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

* வீட்டில் எல்லா ரேடியேட்டரும் ஜில்லென்று இருக்கிறதா? குமிழ் மேல் குற்றமில்லை. பாய்லர், டைமர், ஹாலில் உள்ள தெர்மோஸ்டாட் இவற்றைப் பாருங்கள்.

* ஹால் சூடாக இருக்கிறது, மாடி மட்டும் குளிர்கிறதா? ஹால் தெர்மோஸ்டாட் 'போதும்' என்று பாய்லரை நிறுத்தியிருக்கலாம். ரேடியேட்டர் குமிழால் பாய்லரை மூட்டிவிட முடியாது. ஹால் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

* மற்றவை சூடு, ஒன்று மட்டும் முழுக்க ஜில்லா? ஊசி ஒட்டியிருக்கலாம். ஊசி நன்றாக அசைந்தும் சூடாகவில்லையென்றால், ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட இன்னொரு வால்வு இருக்கும். அது மூடியிருக்கலாம்.

* மேல்பக்கம் ஜில், கீழ்பக்கம் சூடா? உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, மேல்மூலையில் உள்ள திருகைச் சின்னச் சாவியால் கால் சுற்று திறந்தால் 'உஸ்ஸ்' என்று காற்று போகும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரில் பிரஷர் முள் இருந்தால் பாருங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது அது பொதுவாக 1-லிருந்து 1.5 வரை காட்ட வேண்டும்.

* கீழ்பக்கம் நடுவில் மட்டும் ஜில்லா? துருவும் சேறும் படிந்திருக்கிறது. கழுவி எடுக்க ஆள் வேண்டும்.

* எந்த எண்ணில் வைத்தாலும் கொதிக்கிறதா? குமிழ் சரியாக முடுக்கப்படாமல் இருக்கலாம், அல்லது உள்ளே குப்பி கெட்டிருக்கலாம். அதே கம்பெனிக் குமிழாகப் பார்த்து மாற்றினால் போதும். தண்ணீரை வடிக்கத் தேவையில்லை.

* கொஞ்ச நேரம் சூடாகிவிட்டுத் தானாக ஆறிவிடுகிறதா? குமிழின் மேல் திரைச்சீலையோ, சோபாவோ, துணியோ மூடியிருக்கிறதா பாருங்கள். மூடிய இடத்தில் தேங்கும் சூட்டை, அறையின் சூடு என்று நம்பிக் குமிழ் ஏமாந்துவிடும்.

கடைசியில் சொன்னது எங்கள் வீட்டில் நடந்த இரண்டாவது கூத்து. குழந்தைத் துணிகளை ஹால் ரேடியேட்டர் மேல்தான் காயப்போடுவேன். குமிழையும் சேர்த்து மூடிவிடும். துணியின் ஈரமெல்லாம் காற்றில் கலந்து, ஜன்னல் கண்ணாடி அழுதுகொண்டே இருந்தது. அங்கே படுத்த என் கணவருக்கு, அடங்கியிருந்த வீசிங் திரும்ப வந்துவிட்டது. துணிகளைப் பாத்ரூம் கம்பிக்கு மாற்றி, கதவைச் சாத்தி, காற்றை இழுக்கும் ஃபேனைப் போட்டபிறகு ஜன்னலும் காய்ந்தது, அவர் மூச்சும் சீரானது.

செய்யவே கூடாதவை

* ஊசியைக் குறடால் பிடித்து மேலே இழுக்காதீர்கள். கையோடு வந்துவிட்டால் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

* குமிழுக்குக் கீழே உள்ள பெரிய பித்தளை மரைகளைத் தொடாதீர்கள். அவை தண்ணீரைத் தாங்குபவை.

* குழந்தையின் தொட்டிலை ரேடியேட்டர் பக்கத்தில் போடாதீர்கள்.

* பாய்லரை நீங்களாகத் திறக்காதீர்கள். பிரிட்டனில் 'கேஸ் சேஃப்' பதிவு பெற்ற என்ஜினீயர்தான் கேஸ் வேலை செய்யலாம், அது சட்டம். பாய்லர் கோளாறானால் கார்பன் மோனாக்சைடு கசியலாம். வாசனையே இல்லாத விஷம் அது. வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால், ஹீட்டிங்கை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். கேஸ் அவசர உதவிக்கு 0800 111 999. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வீட்டில் அவசியம் இருக்கட்டும்.

எத்தனை டிகிரி?

குளிர் தேசங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரும். வயதானவர்கள் 'கம்பளி போர்த்திக்கிட்டா போதும்' என்று ஹீட்டிங்கை அணைத்துவிட்டு உட்காருவது சிக்கனம் அல்ல, ஆபத்து.

குழந்தைக்குச் சூடு போதுமா என்று கையையோ காலையோ தொட்டு முடிவு செய்யாதீர்கள். அவை ஜில்லென்று இருப்பது சகஜம். மார்பையோ பிடரியையோ தொடுங்கள். வியர்த்தால் ஓர் உடுப்பைக் குறையுங்கள். வீட்டுக்குள் குல்லா வேண்டாம்.

இன்னொரு விஷயம். 'தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைஞ்சு கிடக்கே!' என்று நான் முதலில் பதறினேன். அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். லண்டன் வீட்டில் அது உறைந்து கிடப்பதாலேயே வீடு அளவுக்கு மீறிக் குளிர்கிறது என்று அர்த்தமில்லை! ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டிவிடுங்கள். எண்ணெய் பாட்டிலை நம்ப வேண்டாம்.

வாடகை வீடா? வாயைத் திறந்து கேளுங்கள்!

'வீட்டுக்காரர் கோவிச்சுக்குவார்' என்று நம்மவர்கள் குளிரிலும் ஈரத்திலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வேண்டாம். இங்கிலாந்தில் ஹீட்டிங்கைப் பழுது பார்த்துக் கொடுப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்று 1985-ம் வருடச் சட்டமே சொல்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனையும் அவர் பொறுப்பு.

2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பையன் இறந்துபோனான். வீட்டுச் சுவரில் படர்ந்திருந்த பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். பெற்றோர் பலமுறை புகார் செய்தும் சரிசெய்யப்படாத வீடு அது. அந்தப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு சட்டம் பிறந்து, 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்தது. பெரிய அளவு ஈரம், பூஞ்சணம் என்று புகார் வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஆகவே, புகாரை எழுத்தில் கொடுங்கள், ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது மார்ச் பிறந்திருந்தது. மகளிடம் கடைசியாகச் சொன்னது, பேத்தியின் உடம்பைப் பற்றியோ பத்தியத்தைப் பற்றியோ அல்ல.

"கண்ணு, ஹீட்டிங்கை நிறுத்தினதும் எல்லாக் குமிழையும் 5-க்குத் திருப்பி வச்சிடு. மாசம் ஒரு தடவை 0-வுக்கும் 5-க்கும் திருப்பி விடு. ஊசி ஒட்டாது!"

"சரிங்க என்ஜினீயரம்மா!" என்று சிரித்தாள் மகள். தோளில் கிடந்த பேத்தி, குல்லா இல்லாமல், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.