படத்தைத் திருப்பிப் பாருங்கள்!

வேலை தேடி மும்பைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. 'கேட்வே ஆப் இந்தியா' முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவதுதான் அது. பின்னால் கேட்வே, பக்கத்தில் தாஜ் ஓட்டல். இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை போலத் தோன்றும்.

ஆனால் சில பழைய படங்களில் தாஜ் மட்டும் கடலைப் பார்த்துத் தனியே நிற்கிறது. கேட்வே இருக்கவேண்டிய இடத்தில் வெறும் படகுத்துறை!

தாஜ் திறக்கப்பட்டது 1903-ல். கேட்வே திறக்கப்பட்டதோ 1924 டிசம்பர் 4-ந் தேதி. ஆகவே, அந்தப் படம் இடைப்பட்ட ஆண்டுகளில் எடுத்தது என்று எவரும் சொல்லிவிடலாம். தேதி எழுதாத படத்துக்கும் இப்படி வயது கண்டுபிடிக்க முடியும்.

சாட்சி சொல்லும் டிராம்

தெருவில் குதிரை இழுக்கும் டிராம் தெரிகிறதா? அந்த டிராம் பம்பாயில் ஓடத் தொடங்கியது 1874-ல். மின்சார டிராம் வந்தது 1907-ல். இரட்டை மாடி டிராம் 1920-ல் வந்தது. 1964 மார்ச் 31-ந் தேதியோடு டிராமே நின்றுபோயிற்று.

காலா கோடாவில் கறுப்புக் குதிரை மேல் ஒருவர் வீற்றிருக்கிறாரா? அவர் பிற்காலத்தில் மன்னரான ஏழாம் எட்வர்டு. 1879-ல் வைத்த அந்தச் சிலையை 1965-ல் அகற்றினார்கள். இப்போது அது பைகுல்லா ராணி பாக்கில் இருக்கிறது. காலா கோடாவில் 2017-ல் வைத்த குதிரையின் மேல் ஆள் இல்லை!

நம்மவர்கள் 'வி.டி.' என்று சொல்லும் ரயில் நிலையக் கட்டடம் ஸ்டீவன்ஸ் என்பவர் வரைந்த திட்டப்படி 1878-ல் தொடங்கி, பத்து ஆண்டுகளில் முடிந்தது. 1853 ஏப்ரல் 16-ந் தேதி போரிபந்தரிலிருந்து தானாவுக்கு முதல் ரயில் புறப்பட்டபோது அந்தக் கோபுரமும் இல்லை, கடிகாரமும் இல்லை.

நடந்தவர் மறைந்தார்

1854-லேயே பம்பாயில் போட்டோ சங்கம் ஏற்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் பல தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஊரில் ஜனம் இல்லையா? இருந்தது. கண்ணாடித் தகட்டில் படம் பதியப் பல விநாடிகள் பிடிக்கும். அதுவரை அசையாமல் நின்ற கட்டடம் பதிந்தது. தலையில் மூட்டையோடு விரைந்து நடந்த கூலியாள் பதியவில்லை. நிற்க நேரம் இல்லாதவன் சரித்திரத்திலிருந்தே மறைந்துபோனான்!

பதிந்தவர்களுக்கும் பெயர் கிடைத்துவிடவில்லை. வில்லியம் ஜான்சன் என்ற வெள்ளைக்காரர் பம்பாய் மக்களைப் படமெடுத்து 1863-லும் 1866-லும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். ஆட்களைத் தனியே படம் பிடித்து, வேறு இடத்துக் காட்சியைப் பின்னணியாக ஒட்டினார். படத்தின் கீழே சாதி, இனம் இருக்கும். அந்த மனிதரின் சொந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

மில்களின் கதையும் இதேதான். வானத்தை முட்டும் புகைபோக்கிப் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. 1982 ஜனவரி 18-ந் தேதி சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு பல மில்கள் மூடப்பட்டன. அந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. புகைபோக்கியின் கீழே நின்றவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

நம் வீட்டுப் பெட்டியில்

தாராவிக்குத் தோல் பதனிட வந்த திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் முதல், கோட்டைப் பகுதி ஆபீசுகளில் பேனா பிடித்த குமாஸ்தாக்கள் வரை, நம்மவர்கள் இந்த நகரத்துக்கு உழைத்தது கொஞ்சமா? அந்தச் சரித்திரம் மியூசியத்தில் மட்டும் இல்லை. நம் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருக்கிறது. சாலின் வராந்தாவில் எடுத்த குடும்பப் படம், மில் வாசலில் தோழர்களோடு எடுத்த படம் எல்லாமே சரித்திரம்தான்.

அந்தப் படங்களை இன்றே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் வெறுமையாக இருந்தால், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்: யார், எந்த இடம், எந்த ஆண்டு. பேனா வேண்டாம், மை ஊறும், அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும். பசை தடவி ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். இந்த ஊர் மழைக்காலத்தில் ஈரம் பட்டால் பூஞ்சைக் காளான் படரும். உலர்ந்த இடத்தில் வையுங்கள். செல்போனில் ஒரு நகல் எடுத்து ஊரில் இருப்பவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

முக்கியமாக, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கேட்வேக்கும் தாஜுக்கும் வயது சொல்ல எத்தனையோ புத்தகங்கள் உண்டு. உங்கள் தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் யாரென்று சொல்ல உங்கள் பாட்டியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?