அறுவை மில்லின் சேதாரம்

குண்டாற்றை ஒட்டிய புறம்போக்குகளிலும், மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் கண்மாய்களின் உட்புறத்திலும், உழவு கைவிட்ட தரிசுகளிலும் சீமைக் கருவேலம் மண்டி நிற்கிற நரிக்குடி வட்டாரத்தில், மரம் என்றதும் நினைவுக்கு வருவது கரிமூட்டமேயன்றி அறுவை மில் அன்று. 1870களில் விறகுத் தட்டுப்பாட்டை நீக்கும் உத்தேசத்துடன் சென்னை மாகாணத்துக்குத் தருவிக்கப்பட்ட இந்த அமெரிக்க மரம் உள்ளிட்ட அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. அவ்வாறு வெட்டி வீழ்த்தப்படும் மரத்தின் கதி என்ன என்பதுதான் நாம் ஆலோசிக்க வேண்டிய விஷயம். மண் மூடிய மூட்டத்தில் ஐந்து பங்கு விறகு வெந்தால் கிடைக்கும் கரி ஏறத்தாழ ஒரு பங்குதான்.

அறுவை மில்லுக்குப் போகும் மரமும் முழுவதும் பலகையாகி விடுவதில்லை. மரவாடிகளில் வழங்கும் பழைய கணக்கே இந்த நஷ்டத்தை முன்கூட்டி ஒப்புக்கொண்ட கணக்கு. சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி காண்பது வழக்கம். 4 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள உருண்டை மரம் இம்முறைப்படி 10 கன அடி. அதன் மெய்யான கன அளவோ 12.7 கன அடிக்குச் சற்று மேல். மிச்சமுள்ள இரண்டரை கன அடிக்கு மேற்பட்ட மரம் பட்டை ஒட்டிய புறப்பலகைக்கும் தூளுக்கும் என்று முதலிலேயே தள்ளுபடியாகிறது. கணக்கில் வராத பொருளைக் காக்க யாருக்கும் சிரத்தை பிறப்பதில்லை.

தங்க ஆசாரி பட்டறைத் தூசியையும் கூட்டி அள்ளி வைக்கிறார். மரத்தூளோ மூட்டை மூட்டையாக மில் வாசலில் குவிந்து கிடக்கிறது. வட்ட ரம்பம் ஒரு முறை ஓடுகையில் 6 மில்லிமீட்டர் அளவு மரம் தூளாகுமானால், பட்டை ரம்பத்தில் இரண்டரை மில்லிமீட்டர்தான் போகும். ஒரு கட்டையில் 12 முறை ரம்பம் ஓடுவதாக வைத்துக் கொண்டால் முன்னதில் 72, பின்னதில் 30 மில்லிமீட்டர். மிச்சமாகும் 42 மில்லிமீட்டரில் ஓரங்குலப் பலகை ஒன்றுக்குத் தாராளமாக இடமுண்டு. மழுங்கிய பற்களும், வளைந்து ஓடும் ரம்பமும், ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்த பலகையும் இந்த ஆதாயத்தை நொடியில் அழித்துவிடும். ஆகவே இயந்திரத்தின் விலையைக் காட்டிலும் ரம்பத்தைத் தீட்டுகிறவரின் பக்குவமே முக்கியம்.

எனினும், பெருஞ்சேதம் நிகழ்வது ரம்பத்தின் வாயில் அன்று, அதற்கு முன்னும் பின்னும் என்பதே என் துணிபு. கோணல் மரத்தை நீளமாகவே ரம்பத்துக்குக் கொடுத்தால் பாதி விறகாகும். வளைவு திரும்பும் இடங்களில் முதலில் துண்டித்து, மூன்றடி நான்கடி நேர்க் கட்டைகளாக்கி அறுத்தால், அதே மரம் ஜன்னல் சட்டமாகவும் கட்டில் காலாகவும் தரைப் பலகையாகவும் பிரயோஜனப்படும். வெட்டு முகத்தில் தாரோ மெழுகோ பூசாமல் வெயிலில் போட்ட கட்டை முனை பிளந்து போகிறது; நடுவே குச்சி கொடுத்து நிழலில் அடுக்காத பலகை முறுக்கிக் கொள்கிறது. மரத்தைக் கண்மாய்த் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்ட நம் தச்சர்களின் வழக்கம், உளுப்பூச்சி விரும்பும் மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றிய சாஸ்திரமே.

சீமைக் கருவேலம் குட்டையும் கோணலுமான மரந்தான். ஆனால் அதன் வைரம் கனமானது, காய்கையில் சுருக்கம் குறைந்தது. இதே இனத்தைச் சேர்ந்த அல்கரோபோ மரத்தால் அர்ஜென்டினாவில் நாற்காலி, மேசை, தரை எல்லாம் செய்கிறார்கள். ப்யூனஸ் அயர்ஸ் நகரத் தெருக்களுக்கே ஒரு காலத்தில் அதன் கட்டைகளைப் பாவியிருந்தார்கள். வெட்டிய ஈரம் உலருமுன் அறுத்தால் ரம்பத்துக்கும் சிரமம் குறைவு.

அறுத்தபின் எஞ்சும் புறப்பலகையும் வளைந்த கிளைகளும் மூட்டத்துக்குப் போகட்டும். தூள் காளான் படுக்கைக்கும், அச்சில் அழுத்தி எரிகட்டியாக்கவும் உதவும். கரி சுடுகிறவரின் பிழைப்புக்கு இதனால் பங்கம் இல்லை. கண்மாய் மரங்களை ஏலத்துக்குக் கொண்டுவரும் ஊராட்சிகளும் அதிகாரிகளும் எல்லாவற்றையும் எடைக் கணக்கில் விறகாக விற்றுவிடாமல், ஒரு சாண் கனத்துக்கு மேற்பட்ட நேர்த் தண்டுகளைத் தனியே பிரித்து, அறுவை மரமாக ஏலம் விட முன்வர வேண்டும்.