கல்லாப்பெட்டியும் வீட்டுச் சைக்கிளும்



புதூர்நாட்டு மலையில் சாமை மூட்டை சுமந்து வருவோரின் கால்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாமையை வாங்கி விற்கும் நம் கால்களோ காலை முதல் இரவு வரை கல்லாப்பெட்டிக்குக் கீழே தூங்குகின்றன. அதன் பலன், எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை நோய். நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளதாக 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

டாக்டர் நடக்கச் சொன்னார். கடை திறக்கும் முன்பும் இருட்டு, அடைத்த பின்பும் இருட்டு. ஆகவே வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள் வாங்கினேன். விலை குறைவென்று வாங்கிய முதல் வண்டி, மூன்றே மாதத்தில் பெடல் ஆடி, துண்டு காயப்போடும் கொடியாயிற்று. மூட்டையில் கையை விட்டுப் பார்த்துச் சரக்கெடுக்கும் நாம், இதை மட்டும் பார்க்காமல் வாங்கலாமா?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தனி உடற்பயிற்சிச் சைக்கிள். மற்றது, நம் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி மாட்டும் டிரெய்னர் ஸ்டாண்டு. மூட்டை ஏற்றும் பழைய சைக்கிளில் கேரியரும் ஸ்டாண்டும் இடிக்கும். அச்சும் பொருந்தாமல் போகலாம். மாட்டிப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். டயரும் சீக்கிரம் தேயும்.

நம் வயதினருக்குத் தனிச் சைக்கிளே வசதி. காந்தத்தால் இறுக்கம் தரும் வகையில் உராய்வு இல்லை, சத்தமும் குறைவு. கையால் இறுக்கம் மாற்றும் வண்டிக்குக் கரண்டு வேண்டியதில்லை. எத்தனை கிலோ தாங்கும், உதிரிபாகம் அருகில் கிடைக்குமா என்று கேளுங்கள். கடையிலேயே பத்து நிமிடம் மிதித்துப் பாருங்கள்.

பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கி இருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் போதும். முதல் வாரம் பத்து நிமிடமே மிதியுங்கள்.

இருதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்கவும். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்போர் கையருகே சர்க்கரை வைத்திருக்கவும். படபடப்பு, வியர்வை, மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி வாயில் போடவும். சுழலும் சக்கரத்தருகே பேரப்பிள்ளைகளை விடாதீர்கள்.

இரண்டாவது வண்டியை நான் கணக்கெழுதும் மேஜைக்கு எதிரே வைத்தேன். பேரேட்டில் வரவு எழுதுவது போல மிதித்த நிமிடத்தையும் எழுதுகிறேன். எழுதாத நாள் கண்ணை உறுத்துகிறது. கடையில் விட்ட நஷ்டத்தை அடுத்த பருவத்தில் பிடித்துவிடலாம். உடம்பில் விட்டதை எந்தப் பருவத்தில் பிடிப்பது?